பதினாறாம் மாடியில் ஒரு வீடு

2024 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், காலைத் திருப்பலி முடிந்து ஆலயத்தின் பின்வாசலால் நான் வெளியே வந்தபோது, எமது பங்கைச் சேர்ந்த தாயொருவர் கைத்தொலைபேசியை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு எனக்காகக் காத்து நின்றார். அவருடைய மூத்த மகனுக்குக் கனடாவில் ரொறன்ரோ நகரத்துக் கல்லூரியொன்றில் இடம் கிடைத்திருந்தது. புறப்படுவதற்கு இன்னும் ஐந்து வாரங்களே இருந்தன.

"சுவாமி, ஒருக்கா இந்தப் படத்தைப் பாருங்கோ. தம்பிக்கு வீடு சரிவந்திட்டுது. நீங்கள் எழுதித் தந்த கடிதத்தைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் ஓமெண்டு சொன்னவராம்" என்றார்.

படம் அழகாகவே இருந்தது. பதினாறாம் மாடி. சுவரை நிறைத்த கண்ணாடிச் சன்னல். கீழே மரங்களும் வீதிகளும். படத்தின் அடியில், சுரங்க ரயில் நிலையத்துக்கு இரண்டு நிமிட நடை, மின்சாரம் உட்பட மாத வாடகை 1,450 டொலர் என்று எழுதியிருந்தது. முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, சேத வைப்பு 500 டொலர் என மொத்தம் 3,400 டொலரை, மொன்றியலில் வாழும் தாய்மாமன் அதற்கு முதல்நாளே அனுப்பிவிட்டாராம். எங்கள் நாட்டுக் கணக்கில் ஏழு இலட்சம் ரூபாவுக்கு மேல்.

என் கடிதத்தைக் கண்டே வீடு தந்தார்கள் என்று கேட்டபோது என் உள்ளத்தில் ஒரு சிறு பெருமிதம் எழுந்ததை மறைப்பதற்கில்லை. 2017 முதல் 2019 வரை ஈராண்டுகள் அந்நகரில் நம்மவரிடையே பணியாற்றியவன் என்பதால், வெளிநாடு செல்வோர் என்னிடம் யோசனை கேட்டு வருவது வழக்கம். "சுரங்க ரயிலுக்குக் கிட்ட வீடு பார்" என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னவனும் நானே. பெருமிதம் அடங்கிய பின்னர்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: "வீட்டை ஆர் போய்ப் பார்த்தது?"

"படத்திலை பார்த்ததுதானே சுவாமி. வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளிநாட்டிலை நிக்கிறாராம். திறப்பைத் தபாலிலை அனுப்புவாராம்."

நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் சென்று, ரொறன்ரோவில் எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற அன்பரொருவருக்குச் செய்தி அனுப்பினேன். அங்கே அப்போது நள்ளிரவு. அவர் விழித்தெழுந்து விடையளிக்கும் வரையில், அந்நகரத்து மாடிவீடுகளைப் பற்றி நான் அறிந்தவற்றையெல்லாம் மனத்துள் மீட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றையே வாசகர்களுக்கும் எழுதுகிறேன். எமது பங்கில் கனடாவில் உறவினர் இல்லாத குடும்பம் அரிது. பிள்ளைகள் இன்னும் சென்றுகொண்டே இருக்கிறார்கள்.

சுரங்க ரயிலுக்கு அண்மையில் வீடு வேண்டும் என்பது ஆடம்பரமன்று. ரொறன்ரோவில் மாரிகாலம் ஏறத்தாழ ஐந்து மாதங்கள். உறைபனிக்குக் கீழே பதினைந்து, இருபது பாகை குளிரில், திறந்த வெளியில் பேருந்துக்காகப் பதினைந்து நிமிடம் நின்றவருக்கே நிலையத்தின் அருமை புரியும். 1954 ஆம் ஆண்டு பங்குனி 30 ஆம் நாள் யூனியன் நிலையத்திலிருந்து எக்லின்ரன் வரை பன்னிரண்டு நிலையங்களோடு திறக்கப்பட்ட பாதையே கனடாவின் முதலாவது சுரங்க ரயில் பாதையாகும். 1966 இல் கிழக்கு மேற்காக ப்ளோர்–டான்ஃபோர்த் பாதை வந்தது. 1980 இல் அது ஸ்காபரோவின் கெனடி நிலையம் வரை நீண்டது. டொன் பள்ளத்தாக்கைக் கடக்கும் பெரும் பாலம் 1918 இல் கட்டப்பட்டபோதே, ஒருகாலத்தில் ரயில் வரும் என்று எண்ணி அதன் கீழே ஒரு தட்டையும் அமைத்துவிட்டார்கள். ரயிலோ நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்தே வந்தது. இன்றைக்குப் போட்ட வீதியை நாளைக்குக் கிண்டும் நமக்கு இச்செய்தி வியப்பளிக்கக்கூடும்.

செலவுக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். 2023 இல் வயதுவந்தோருக்கான கட்டணம் அட்டை மூலம் 3.30 டொலராக இருந்தது. 2018 முதல் இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை முறையும் ஏறி இறங்கலாம். பன்னிரண்டு வயதும் அதற்குட்பட்டதுமான சிறுவருக்குக் கட்டணமே இல்லை. மாதம் இருபத்திரண்டு நாள் வேலைக்குச் சென்று திரும்புபவருக்கு 145 டொலரளவில் முடியும். கார் வைத்திருப்பவர் காப்புறுதிக்கு மாத்திரம் இதனிலும் கூடுதலாகச் செலுத்துவது சாதாரணம். ஆகவே நிலையத்துக்கு அருகில் வாடகை சற்று அதிகமானாலும் பலருக்கு அது இலாபமாகவே முடிகின்றது. ஒன்றை மாத்திரம் நினைவிற்கொள்ள வேண்டும். பின்னிரவு ஒன்றரை மணியளவில் ரயில்கள் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணியளவிற்றான் தொடங்கும். விடியற்காலையில் வெதுப்பகத்துக்கும் துப்புரவு வேலைக்கும் செல்லும் நம்மவர் இரவுப் பேருந்துகளையே நம்பியிருக்கின்றனர். ஞாயிறு முதற்பூசைக்கு ஏன் ஆட்கள் வரவில்லை என்று நான் சென்ற புதிதிற் குறைபட்டுக்கொண்டேன். பின்னர் ரயில் அட்டவணையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

உயர்மாடிக் கட்டடங்களின் கதை வேறு. 1950 களிலிருந்து 1970 கள் வரை ரொறன்ரோ பெருநகரெங்கும் கொங்கிறீற்றினாலான வாடகை மாடிகள் எழுந்தன. எட்டு மாடியும் அதற்கு மேலுமாக அக்காலத்திற் கட்டப்பட்டவை ஆயிரத்துக்கும் மேல். ஷேர்போர்ன் நிலையத்திலிருந்து சில நிமிட நடையிலுள்ள சென் ஜேம்ஸ் ரவுண், தனித்து வாழும் இளைஞருக்கென்றே 1960 களில் திட்டமிடப்பட்டது. அவர்கள் நெடுநாள் தங்கவில்லை. அவ்விடத்துக்கு உலகின் நானா திசைகளிலிருந்தும் வந்த குடும்பங்கள் குடியேறின. 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் சென்ற நம்மவர்களிற் பலருக்கும் கனடாவின் முதல் முகவரி அந்த மாடிகளில் ஒன்றே. ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் பாய் விரித்துப் படுத்து, உழைத்து, பிறகு ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் வீடு வாங்கிச் சென்றதை மூத்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அச்சிரிப்பு இடையில் நின்றுவிடுவதும் உண்டு.

நான் அங்கே வாடகைக்கு இருந்தவனல்லன். வீடு சந்திக்கச் சென்றவன். ஆயினும் மின்தூக்கிக்காகக் காத்து நின்ற நேரத்தைக் கூட்டினால் சில நாள்களாவது வரும். பெருங்கட்டடமொன்றில் மூன்று மின்தூக்கிகள் இருந்து, ஒன்று பழுதாகி, மற்றொன்றை வீடு மாறுகிறவர் பிடித்துவைத்தால், எஞ்சிய ஒன்றை நம்பி நூற்றுக்கணக்கான வீடுகள். இருபத்திரண்டாம் மாடியில் வாழும் மூதாட்டிக்கு நன்மை கொண்டுபோய், இறங்கும்போது படிகளால் நடந்து வந்த நாளும் உண்டு. பதின்மூன்றாம் மாடி என்ற ஒன்று பல கட்டடங்களில் இல்லை. பன்னிரண்டுக்குப் பின் பதினான்கு! விஞ்ஞானம் வளர்ந்த நாட்டிலும் எண்ணுக்கு அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வேன்.

ஆதலால் வீடு பார்க்கச் செல்பவர் அறைகளை மாத்திரம் பார்த்தல் போதாது. மாலை ஆறு மணிக்குச் சென்று மின்தூக்கிக்கு எவ்வளவு நேரம் நிற்கவேண்டியிருக்கிறது என்று பார்த்தல் நன்று. கழுவுதொட்டியின் கீழே கரப்பான் பூச்சி, கட்டிலிருந்த இடத்தில் மூட்டைப்பூச்சி உண்டா என்று நோக்க வேண்டும். உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள் நிலக்கீழ்த் தளத்திலேயே இருக்கும். அங்கும் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். சன்னல்களைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேல்மாடிகளில் அவை 10 சென்ரிமீற்றருக்கு மேல் திறவாதபடி தடை பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது நகரசபை விதி. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது உடைந்திருந்தால், வாடகைப் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அதனைச் சரிசெய்யக் கேளுங்கள். பலகணியில் கதிரை, பெட்டி முதலியவற்றைப் போட்டுவைப்பதும் கூடாது. பிள்ளைகள் ஏறுவார்கள்.

தீயைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியாது. 2010 புரட்டாதி 24 ஆம் நாள் வெலஸ்லி வீதியிலுள்ள முப்பது மாடிக் கட்டடமொன்றின் இருபத்து நான்காம் மாடியில் மூண்ட தீயினால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற நேர்ந்தது. மேலேயிருந்து எறியப்பட்ட சிகரெட் துண்டு, பொருள்கள் குவிந்து கிடந்த பலகணியில் விழுந்ததே காரணம் என விசாரணையில் தெரிந்தது. 2018 ஆவணி 21 ஆம் நாள் அதற்கு அண்மையில், பார்லிமென்ற் வீதி 650 ஆம் இலக்கக் கட்டடத்தில் மின்கோளாற்றினால் தீ ஏற்பட்டபோது நான் அந்நகரில் இருந்தேன். ஏறத்தாழ 1,500 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். எரிந்தது வீடுகளன்று, கட்டடத்தின் மின்னமைப்பு. ஆயினும் 2020 வரை ஒருவரும் திரும்பிக் குடியேற முடியவில்லை. அங்கிருந்து வெளியேறிய நம்மவரான விதவையொருவரைச் சில நாள்களின் பின் சந்தித்தேன். "கதவைப் பூட்டிப்போட்டுத்தான் வந்தனான் சுவாமி. திறப்பு என்ரை கையிலை, வீடுதான் இல்லை" என்று கைப்பையிலிருந்து திறப்பை எடுத்துக் காட்டினார். 2019 இல் நான் நாடு திரும்பும்போதும் அத்திறப்பு அவர் பையிலேயே இருந்தது. குடியிருப்போருக்கான காப்புறுதியை மாதம் சில பத்து டொலருக்கு எடுக்கலாம். அதை வீண் செலவு என்று தள்ளிவிடுவோருக்கு அவருடைய கதையையே நான் சொல்வது.

நிற்க. எங்கள் பிள்ளையின் செய்திக்கு வருவோம். அன்று பிற்பகல் நான்கு மணியளவில், அங்கே விடிந்ததும், என் அன்பர் எழுந்து அக்கட்டடத்துக்கே சென்றுவிட்டார். அப்படி ஒரு கட்டடம் இருந்தது. பதினாறாம் மாடியும் அந்த இலக்கமும் இருந்தன. கதவைத் தட்டியபோது திறந்தது வங்காளத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம். ஒன்பது ஆண்டுகளாக அவர்களே அங்கு குடியிருக்கிறார்கள். கட்டடப் பொறுப்பாளரை அங்குள்ளோர் 'சூப்பர்' என்று சுருக்கி அழைப்பர். அவரைக் கேட்டபோது, இதே வீட்டைத் தேடி அந்த மாதத்தில் வந்த மூன்றாவது ஆள் நீங்கள் என்றாராம். எங்கோ பழைய விளம்பரமொன்றிலிருந்து படத்தை எடுத்து எவனோ வலை விரித்திருக்கிறான். அன்று மாலையோடு அவனுடைய தொலைபேசியும் நின்றுவிட்டது. காவல்துறையில் முறைப்பாடு செய்தோம். இலக்கமொன்று தந்தார்கள். பணம் திரும்பவில்லை.

பின்னோக்கிப் பார்க்கையில் அடையாளங்கள் எல்லாம் கண்முன்னே இருந்தன. அப்பகுதியில் ஒற்றை அறை வீடு 2,000 டொலரைத் தாண்டியிருக்க, அவன் கேட்டது 1,450. வீட்டைக் காட்ட ஆளில்லை. எல்லாவற்றிலும் தெளிவான அடையாளம் அந்த 500 டொலர் 'சேத வைப்பு'. ஒன்ராறியோ மாகாணச் சட்டத்தின்படி வாடகைக்கு விடுபவர் முதல் மாத வாடகையோடு, கடைசி மாதத்துக்கென ஒரு மாத வாடகைக்கு மேற்படாத தொகையை மாத்திரமே முன்பணமாகப் பெறலாம். அதற்கும் ஆண்டுதோறும் வட்டி கொடுத்தல் வேண்டும். சேதத்துக்கென்று வைப்புக் கேட்பதே சட்டவிரோதம். ஈராண்டுகள் அங்கிருந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாது. நற்சான்றுக் கடிதம் எழுதத் தெரிந்த எனக்கு, அதை யார் கையில் கொடுக்கப் போகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதன் பின்னரே அச்சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2018 சித்திரை 30 முதல் பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு மாகாண அரசு வகுத்த ஒரே ஒப்பந்தப் படிவம் உண்டு. அதில் வீட்டுக்காரரின் சட்டப்படியான பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும். ஓராண்டு ஒப்பந்தம் முடிந்ததும் வெளியேற வேண்டும் என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ஒப்பந்தம் தானாகவே மாதாந்தமாகத் தொடரும். குடியிருப்பவர் விலக விரும்பினால் 60 நாள் முன்னறிவித்தல் போதும். வாடகையைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையே, 90 நாள் எழுத்து மூல அறிவித்தலோடு உயர்த்தலாம். அதற்கும் அரசு உச்சவரம்பு விதிக்கிறது. 2025 இல் அது 2.5 வீதம். ஆனால் 2018 கார்த்திகை 15 இன் பின்னர் முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு இவ்வரம்பு இல்லை! நிலையங்களின் வாசலிலேயே இப்போது எழுகின்ற மினுமினுக்கும் கண்ணாடிக் கோபுரங்களில் மிகப் பல இவ்வகையின. முதலாண்டு வாடகையைக் கண்டு மயங்கிச் சென்றவர், இரண்டாம் ஆண்டில் எவ்வளவு கேட்டாலும் கொடுக்க வேண்டும், அல்லது வெளியேற வேண்டும். மேலும் அவற்றிலே ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி உரிமையாளர் இருப்பதால், தமக்கோ தம் பிள்ளைக்கோ வீடு வேண்டும் என்று 60 நாள் அறிவித்தலும் ஒரு மாத வாடகை இழப்பீடும் கொடுத்து எழுப்பவும் சட்டம் இடமளிக்கிறது. கம்பனியொன்றுக்குச் சொந்தமான பழைய கொங்கிறீற்று மாடியில் அந்த அச்சம் இல்லை. சுவரில் வெடிப்பு இருக்கலாம், மின்தூக்கி முனகலாம். என்றாலும் குடும்பத்தோடு ஊன்றி இருக்க எண்ணுகிறவருக்குப் பழைய மாடியையே நான் சொல்வேன். அவற்றில் மாரியில் அறை வெப்பத்தை 21 பாகையில் வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை. மின்சாரத்துக்குத் தனிக் கட்டணமா என்று மாத்திரம் கேட்டுக்கொள்ள வேண்டும். மின்சாரத்தை அங்கே 'ஹைட்ரோ' என்பார்கள். நயாகரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பிறந்த காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டது. தண்ணீர்க் கட்டணம் என்று எண்ணி ஏமாந்தவர்களை நான் அறிவேன்.

வாடகை பிந்தினாலும் வீட்டுக்காரர் தம் விருப்பத்துக்குப் பூட்டை மாற்ற முடியாது. உரிய சபையின் கட்டளை வேண்டும். கட்டளை கிடைத்த பின்னும் அரசு அலுவலரே வந்து வெளியேற்றலாம். ஆனால் உரிமையாளரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து வாழ்பவருக்கு இச்சட்டத்தின் காப்பு இல்லை. நம்மவர் வீடுகளில் ஓர் அறை எடுத்துத் தங்கும் மாணவர் பலர் இந்நிலையினரே. உறவுக்காரர் என்ற நம்பிக்கையிற் போகிறார்கள். பலருக்கு அந்நம்பிக்கை பலிக்கிறது. சிலர் மாரியில் இரவோடிரவாகப் பெட்டியைத் தூக்கியதையும் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் முறை வீடு தேடியபோது நான் அடக்கமாகவே இருந்தேன். எனினும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஸ்காபரோ இலகு ரயில் பாதை ஓரமாகப் பார். நான் அதிற்றான் ஏறித் திரிந்தவன்" என்றேன். பிள்ளை சற்றுத் தயங்கி, "சுவாமி, அந்த ரயில் இப்ப ஓடுறேல்லை" என்றான். உண்மைதான். 1985 இல் தொடங்கிய அப்பாதையில் 2023 ஆடி 24 ஆம் நாள் வண்டியொன்றின் கடைசிப் பெட்டி தடம் புரண்டது. அதன் பிறகு பாதை நிரந்தரமாக மூடப்பட்டுப் பேருந்துகள் விடப்பட்டன. அந்த நிலையங்களை நம்பி வீடு எடுத்தவர்கள் இன்று பேருந்துக்குத்தான் நிற்கிறார்கள். புதிய சுரங்கப் பாதைக்கு நிலம் தோண்டப்படுகிறது. தோண்டும் பாதைக்காக இன்றைக்கே வாடகை கொடுக்க வேண்டாம் என்பதே இதில் நான் கற்றது.

முடிவில், என் அன்பர் நேரிற் சென்று பார்த்து, விக்ரோறியா பார்க் நிலையத்தோடு நடைபாலத்தால் இணைந்த கிறெசென்ற் ரவுண் மாடிகளிலொன்றில், வேறு இரு மாணவரோடு பதினோராம் மாடியில் இடம் எடுத்துக் கொடுத்தார். மூவரின் பெயரும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றாராம். ஒருவன் பெயரில் மாத்திரம் வீடு இருந்தால் மற்ற இருவரும் அவன் தயவில் இருக்க நேரும் அல்லவா? பனியிலும் மழையிலும் நனையாமல் பாலத்தைக் கடந்து ரயிலேறலாம்.

சுரங்க ரயில் என்றுதான் பெயர். அந்தப் பகுதியில் அது நிலத்துக்கு மேலே, திறந்த வெளியில் ஓடுகிறது. தாய்க்கு அதுவும் கவலையாயிற்று. "இரவிரவாய் ரயில் சத்தம் கேட்டால் பிள்ளைக்கு நித்திரை வருமோ சுவாமி?" என்று என்னைக் கேட்டார். நான் மகனிடம் சொல்ல, அவன் சன்னலைச் சற்றுத் திறந்து வைத்து ரயிலோசையைப் பதிந்து அனுப்பினான். பூசை முடிந்து அதே பின்வாசலடியில் இருவரும் கேட்டோம். தொலைவில் ஓர் இரைச்சல் எழுந்து, பெருகி, தேய்ந்து, அடங்கியது. இருபது வினாடிகூட இல்லை.

"இவ்வளவுதானே!" என்று அவர் முகம் மலர்ந்தது. பிறகு மீண்டும் ஒருமுறை போட்டுக் கேட்டார். மொன்றியல் மாமன் வேண்டாம் என்று சொல்லியும், அந்த 3,400 டொலரைத் திருப்பிக் கொடுப்பதற்காக அவர் ஈடு வைத்த சங்கிலியும் காப்புகளும் அப்போதும் வங்கியில்தான் இருந்தன.